கேப்டனைக் கேளுங்கள்: சம்பளத்துக்குச் சுடுகிறவர்கள்

சூடான் போரில் கொலம்பிய முன்னாள் சிப்பாய்கள் மாட்டிக்கொண்டதைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அமீரகத்தில் காவல் வேலை என்று நம்பிப் போனவர்களை சூடானின் டார்ஃபூர் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொன்ன கதை அது. அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதுதான். துறைமுகக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில்.

தூத்துக்குடியில் ஒரு அமெரிக்கக் கப்பலை ஆயுதங்களோடு பிடித்து வைத்திருந்தார்களே, அது கூலிப்படைக் கப்பலா? கடைசியில் என்ன ஆனது?
பி.எஸ்., ஆறுமுகநேரி

'சீமேன் கார்டு ஓஹியோ'வைக் கேட்கிறீர்கள். அதை நடத்திய அட்வான்ஃபோர்ட் நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்தது, அதுவரை சரி. ஆனால் கப்பலில் பறந்தது சியரா லியோன் கொடி. உள்ளே இருந்த 35 பேரில் 14 பேர் எஸ்டோனியர்கள், 6 பேர் பிரிட்டிஷ்காரர்கள், 3 பேர் உக்ரைன்காரர்கள், மிச்சம் 12 பேர் நம் ஆட்கள். இதில் எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்வது?

2013 அக்டோபர் 12-ஆம் தேதி கடலோரக் காவல்படை அதை மறித்து நம் துறைமுகத்துக்குக் கூட்டி வந்தது. உள்ளே 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேல் தோட்டாக்கள். கியூ பிரிவு போலீஸ் வழக்குப் பதிந்தது.

இவர்கள் ஏன் இந்தப் பக்கம் வந்தார்கள் என்று அப்போது ஊரில் எல்லோரும் கேட்டார்கள். விஷயம் இதுதான். சோமாலியக் கொள்ளையருக்குப் பயந்து கப்பல் துறை அமைப்புகள் கடலில் ஒரு அபாயப் பகுதியை வரையறுத்திருந்தன. கிழக்கே அதன் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. அட்லஸைப் பிரித்துப் பாருங்கள், எட்டயபுரத்தை உரசிக்கொண்டு இறங்கும் கோடு அது. சோமாலியா எங்கே, எட்டயபுரம் எங்கே! இந்தியா கத்திக் கத்திப் பார்த்து, 2015 டிசம்பரில்தான் அந்தக் கோடு 65 டிகிரிக்கு நகர்ந்தது. அதுவரை ஆயுதக் காவலர்கள் கப்பலில் ஏறுவதும் இறங்குவதும் இலங்கைக்கும் நமக்கும் பக்கத்துக் கடலில். துப்பாக்கியோடு எந்தத் துறைமுகத்திலும் சுலபமாகக் கால் வைக்க முடியாது. ஆகவே அடுத்த கப்பல் வரும்வரை ஆளும் ஆயுதமும் தங்குவதற்குக் கடலிலேயே சில கப்பல்களை நிறுத்திவைத்தார்கள். ஓஹியோவைக் காவலர்களுக்கான துணைக்கப்பல் என்றது நிறுவனம். மிதக்கும் ஆயுதக் கிடங்கு என்றது போலீஸ்.

பைலின் புயலுக்கு ஒதுங்கினோம், டீசல் தீர்ந்துவிட்டது என்று கப்பலில் இருந்தவர்கள் சொன்னார்கள். நம் கடல் எல்லைக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம், போதாததற்கு உள்ளூர்ப் படகிலிருந்து கள்ள டீசல் என்றது போலீஸ். 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆயுத வழக்கை ரத்து செய்தது. மறு ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் ஆளுக்கு 5 வருடம் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது. பாளையங்கோட்டையிலும் புழலிலும் இருந்துவிட்டு ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

கூலிப்படையா என்றால், இல்லை. ஒரு தோட்டாகூடச் சுடாத வாட்ச்மேன்கள் அவர்கள். ஆனால் அந்த நாலு வருடமும் யார் வந்து நின்றார்கள் என்று பாருங்கள். குடும்பத்தினர் பணம் திரட்டினார்கள். மாலுமிகளுக்கான தேவாலய அமைப்பு வந்தது. அவரவர் நாட்டுத் தூதரகம் வந்தது. சம்பள பாக்கி வரவில்லை என்று குடும்பத்தினர் புலம்பினார்கள். கொடி கொடுத்த நாடு வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. இவர்கள் யார் சரக்கைக் காக்கத் துப்பாக்கி தூக்கினார்களோ, அந்த முதலாளிகளுக்கு இவர்கள் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நீங்கள் கப்பலில் இருந்த காலத்தில் ஆயுதக் காவலர்களை ஏற்றியிருக்கிறீர்களா? எப்படிப்பட்டவர்கள் அவர்கள்?
எம்.ஜே., நாகர்கோவில்

ஏற்றியிருக்கிறேன். இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வெளியே லாஞ்சில் வருவார்கள். பைலட் ஏணியில் ஆள் ஏறியதும் நீளப் பெட்டிகளைக் கயிறு கட்டி மேலே இழுப்போம். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் சரிபார்த்து, தோட்டாக்களை எண்ணி, நான் கையெழுத்துப் போட வேண்டும். இறங்கும்போதும் அதே எண்ணிக்கை. பெரும்பாலும் நாலு பேர். தலைவர் பிரிட்டிஷ் கடற்படை வீரராக இருந்தவர், மற்ற மூவரும் நேபாளிகள் என்பது அடிக்கடி பார்த்த கூட்டணி. ஒரே பாலத்தில் (கப்பலை ஓட்டும் மேல்தளத்தை அப்படித்தான் சொல்வோம்), ஒரே வெயிலில், ஒரே காவல். தலைவருக்கும் மற்றவர்களுக்கும் சம்பளத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நாங்களும் சும்மா இருக்க மாட்டோம். கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள், பக்கவாட்டில் தீயணைப்புக் குழாய்கள், பழைய பாய்லர் சூட் உடுப்பில் பஞ்சைத் திணித்துத் தொப்பி வைத்த பொம்மைக் காவலர்கள். பொம்மைகளுக்குப் பையன்கள் கம்பெனி மேலாளர்களின் பெயரை வைத்துவிடுவார்கள்.

ஒரு விடியற்காலை மட்டும் இன்னும் மறக்கவில்லை. பாப் எல் மண்டப் நீரிணையைத் தாண்டிச் செங்கடலுக்குள் நுழைந்திருந்தோம். இடப்பக்கமிருந்து ஐந்தாறு சிறு படகுகள் எங்களை நோக்கி முழு வேகத்தில் வருகின்றன. மூன்றாவது அதிகாரி அபாய மணி அடித்துவிட்டார். காவல் தலைவர் பாலத்தின் ஓரத்தில் துப்பாக்கியோடு நிற்கிறார். முதலில் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுவது, அப்புறம் ஒளிக்குண்டு, அப்புறம் தண்ணீரில் எச்சரிக்கைச் சூடு. இது வரிசை. தூக்கிக் காட்டியாயிற்று. படகுகள் நிற்கவில்லை.

நான் பைனாகுலரில் ஏணியைத் தேடினேன். கொள்ளைக்காரன் ஏணி இல்லாமல் வர மாட்டான், எங்கள் கப்பலின் பக்கச்சுவர் அவ்வளவு உயரம். ஏணி இல்லை. முன்படகில் ஒருவன் எழுந்து நின்று மஞ்சள் கேனை ஆட்டுகிறான், கேனை ஆட்டிவிட்டு வலது பக்கம் கையைக் காட்டுகிறான். மணப்பாட்டிலும் திரேஸ்புரத்திலும் நம் பையன்கள் வலை விரித்திருக்கும்போது பெரிய கப்பல் நேராக வந்தால் என்ன செய்வார்கள்? படகை விரட்டிக்கொண்டு கப்பலின் முகத்துக்கு நேரே வந்துதான் துணியை வீசுவார்கள். வலை போனால் வருடப் பிழைப்பு போச்சு. 'பொறு' என்று தலைவரிடம் சொல்லிவிட்டுக் கப்பலைத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் வலையின் மிதவைகள் வரிசையாகப் பக்கவாட்டில் கடந்து போயின. கேன்காரன் சலாம் வைத்தான்.

அந்தத் தலைவர் பொறுமைசாலி, பொறு என்றதும் பொறுத்தார். ஒப்பந்தப்படி கப்பலில் கடைசி வார்த்தை கேப்டனுடையது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தற்காப்புக்குச் சுடும் உரிமை காவலருக்கு உண்டு என்றும் அதே காகிதத்தில் இருக்கும். யாருக்கு, எப்போது, என்ன தோன்றும்?

நீங்கள் குமரி மாவட்டத்துக்காரர், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகின் மீனவர்கள் இருவர் செத்தார்கள். ஒருவர் உங்கள் மாவட்டத்துப் பையன். அங்கே சுட்டவர்கள் தனியார் ஆட்கள் இல்லை, இத்தாலியக் கடற்படையினர். அதனால்தான் கேள்வி கேட்க எதிரே ஒரு அரசு இருந்தது. சிப்பாய்களை விசாரிக்க இந்தியாவுக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் சொன்னது, எனக்கு அதில் வருத்தம்தான். இருந்தாலும் இழப்பீடாக 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்தது. அந்தக் குண்டு ஏதோ ஒரு கொடி பறக்கும் கப்பலில், ஏதோ ஒரு தீவில் பதிவான கம்பெனியின் காவலர் துப்பாக்கியிலிருந்து வந்திருந்தால் நாம் யார் வாசலில் போய் நின்றிருப்போம்?

கடலில் காவலர்கள் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆயுதக் காவலர் ஏறிய கப்பலைச் சோமாலியர்கள் கடத்தியதே இல்லை என்று துறையில் சொல்வார்கள். என் பையன்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் கடலில் எண்ணிக் கையெழுத்துப் போட ஒரு கேப்டன் இருக்கிறான். பாக்தாத் தெருவில் யார் இருந்தார்கள்? அடுத்த கடிதம் அதைத்தான் கேட்கிறது.

பிளாக்வாட்டர் ஆட்களுக்குத் தண்டனை கிடைத்ததா, இல்லையா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.
வி.ஆர்., திருச்சி

எல்லோரும் சொல்வது சரி. கிடைத்தது, போய்விட்டது.

2007 செப்டம்பர் 16, பாக்தாதின் நிசூர் சதுக்கம். நண்பகல் நெரிசல். அமெரிக்கத் தனியார் காவல் கம்பெனி பிளாக்வாட்டரின் நாலு கவச வண்டிகள் சதுக்கத்துக்குள் வந்து போக்குவரத்தை மறித்து நிற்கின்றன. ஒரு வெள்ளைக் கியா கார் மெல்ல முன்னே நகர்கிறது. ஓட்டியவர் மருத்துவ மாணவர், பக்கத்தில் அவருடைய அம்மா, அவரும் டாக்டர். முதல் குண்டிலேயே மகன் செத்தார். ஓட்ட ஆளில்லாமல் கார் உருண்டது. சுடாதீர்கள் என்று போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைத் தூக்கிக் கத்தினார். இயந்திரத் துப்பாக்கியும் குண்டு வீசும் கருவியும் பேச ஆரம்பித்தன. கடைசியில் 17 பேர் பிணம். அதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனும் உண்டு. அதில் 14 கொலைகளுக்காவது எந்த நியாயமும் இல்லை என்று பிறகு எஃப்.பி.ஐ. விசாரணையே கண்டது.

ஈராக் அரசு வழக்குப் போட முடியவில்லை. ஏன் தெரியுமா? அங்கே அமெரிக்க நிர்வாகியாக இருந்த பால் பிரெமர், 2004 ஜூனில் மூட்டை கட்டுவதற்கு முன்பு 17-ஆம் எண் ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் மேல் ஈராக் சட்டம் பாயாது. அந்த பிரெமருக்கு பாக்தாதில் மெய்க்காவல் கொடுத்ததே பிளாக்வாட்டர்தான்.

சரி, அமெரிக்காவிலாவது? அங்கேயும் இழுபறி. ராணுவத்துக்கு உதவும் ஒப்பந்தக்காரரை விசாரிக்க ஒரு சட்டம் இருந்தது. இவர்கள் வேலை பார்த்ததோ வெளியுறவுத் துறைக்கு. அந்தச் சட்டம் இவர்களுக்குப் பொருந்துமா என்று வக்கீல்கள் மல்லுக்கு நின்றார்கள். அப்புறம், சம்பவம் நடந்ததும் வெளியுறவுத் துறை அதிகாரிகள் 'நீங்கள் சொல்வதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம்' என்று உறுதி கொடுத்து வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். அதனால் கறைபட்ட வழக்கு என்று 2009-இன் கடைசி நாளில் நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் உயிர் பெற்று, 2014-இல் நாலு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஈராக்கிலிருந்து சாட்சிகள் கூட்டங்கூட்டமாக வாஷிங்டன் வந்து சொன்னார்கள். ஒருவருக்கு ஆயுள், மற்ற மூவருக்குத் தலா 30 வருடம், பிறகு அது குறைந்தது. 2020 டிசம்பர் 22 அன்று டிரம்ப் நாலு பேரையும் மன்னித்துவிட்டார்.

நிறுவனம்? 2009-இல் 'எக்ஸ்ஈ' என்று பெயர் மாற்றியது. 2011-இல் 'அகாடமி' ஆனது. பிறகு இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து 'கான்ஸ்டெலிஸ்' குழுமத்துக்குள் போய்விட்டது. நம் ஊரில் சீட்டுக் கம்பெனிகள் பலகையை மாற்றும் வேகத்தில் மாற்றினார்கள்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2004 மார்ச்சில் ஈராக்கின் ஃபலூஜாவில் இதே நிறுவனத்தின் நாலு பேரைக் கொன்று எரித்து, யூப்ரடீஸ் பாலத்தில் இரண்டு உடல்களைத் தொங்கவிட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்குப் போன ஆட்கள்தான். அவர்களுடைய குடும்பத்தினர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், போதிய ஆளும் கவச வண்டியும் தராமல் அனுப்பினீர்கள் என்று.

சர்வதேசச் சட்டப்படி கூலிப்படை குற்றம்தானே? அப்புறம் எப்படி இத்தனை கம்பெனிகள்?
எஸ்.கே., தேனி

ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறையில் 47-ஆவது பிரிவைப் படியுங்கள். கூலிப்படையாள் என்று ஒருவனைச் சொல்ல ஆறு நிபந்தனை. சண்டைக்கென்றே சேர்க்கப்பட்டவனாக இருக்க வேண்டும், நேரடியாகச் சண்டையிட வேண்டும், காசுக்காகவே வந்திருக்க வேண்டும், அதுவும் அங்குள்ள சிப்பாயைவிட ரொம்ப அதிகக் காசு, போரிடும் நாட்டின் குடிமகனாகவோ அங்கே வசிப்பவனாகவோ இருக்கக் கூடாது, அந்த நாட்டுப் படையில் பெயர் இருக்கக் கூடாது, வேறொரு நாடு அனுப்பிய அரசுப் படையாளாகவும் இருக்கக் கூடாது. ஆறையும் எண்ணிப் பார்த்தீர்களா? காசையும் அதிகக் காசையும் ஒன்றாக எண்ணினால்தான் ஆறு வரும். அத்தனையும் ஒருசேரப் பொருந்த வேண்டும், ஒன்று வழுக்கினாலும் ஆள் தப்பித்தார். ஒரு வாரம் உள்ளூர்ப் படையில் பெயரைப் பதிந்தால் போதும். இதில் மாட்டுகிற கூலிப்படையாளை அவனுடைய வக்கீலோடு சேர்த்துச் சுட வேண்டும் என்று சட்டக்காரர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு.

2008-இல் சுவிட்சர்லாந்தும் செஞ்சிலுவைச் சங்கமும் முயன்று, இந்தத் தனியார் ராணுவக் கம்பெனிகளைப் பற்றி மான்ட்ரோ ஆவணம் என்று ஒன்று வந்தது. முதலில் 17 நாடுகள் ஏற்றன. நல்ல ஆவணம். ஆனால் புதிதாக எந்தச் சட்டக் கடமையையும் சுமத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

சியரா லியோனில் ஐ.நா. செய்யாததை ஒரு தனியார் படை செய்து காட்டியதாமே? திறமையான ஆட்களை ஏன் திட்டுகிறீர்கள்?
டி.என்., கோவை

திட்டவில்லை. 1995-இல் தென்னாப்பிரிக்காவின் 'எக்ஸிக்யூட்டிவ் அவுட்கம்ஸ்' சில நூறு பேரோடு போய், தலைநகர் ஃப்ரீடவுனை நெருங்கியிருந்த கிளர்ச்சிக்காரர்களை விரட்டி, கோனோ வைரச் சுரங்கங்களையும் மீட்டது உண்மை. கை கால்களை வெட்டிக் குவித்த கிளர்ச்சிப்படை அது. மக்கள் இவர்களை வரவேற்றார்கள், நான் அங்கே இருந்திருந்தால் நானும் வரவேற்றிருப்பேன். 1997 ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினார்கள். மே மாதம் ஆட்சிக் கவிழ்ப்பு. வாடகைக்கு வந்த வலிமை வாடகை நின்றதும் போய்விட்டது. கோனோவை ஏன் அவ்வளவு அக்கறையாக மீட்டார்கள் என்று கேட்டால், இவர்களோடு தொடர்புடைய சுரங்கக் கம்பெனிக்கு அங்கே வைர உரிமை இருந்தது. இன்னொரு விஷயம்: அதே ஆண்டு பப்புவா நியூகினி அரசு 'சாண்ட்லைன்' என்ற பிரிட்டிஷ் கம்பெனியை 3.6 கோடி டாலருக்கு அமர்த்தப் போக, சொந்த ராணுவமே கொதித்து அவர்களைப் பிடித்து நாடு கடத்தியது. பிரதமர் பதவியிலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று.

வாக்னர் படை புடினையே எதிர்த்ததே, அது நாடகமா?
ஜி., சேலம்

நாடகமாக இருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். 2023 ஜூன் 24 அன்று ரோஸ்டோவ் நகர ராணுவத் தலைமையகத்தைப் பிடித்து, மாஸ்கோ நோக்கிக் கிளம்பினார், ரஷ்யத் தனியார் படையான வாக்னரின் தலைவர் பிரிகோஜின். வழியில் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள், ரஷ்ய விமானிகள் செத்தார்கள். அன்று இரவே பெலாரஸ் அதிபர் லூகாஷென்கோ நடுவில் புகுந்து சமாதானம். சரியாக இரண்டு மாதத்தில் பிரிகோஜினின் விமானம் விழுந்தது.

எனக்கு அதைவிடச் சுவையானது கலகத்துக்கு மூன்று நாள் கழித்து வந்த கணக்கு. ரஷ்யச் சட்டத்தில் கூலிப்படை குற்றம். வாக்னரா, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றுதான் மாஸ்கோ வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் 27 அன்று புடினே வாய்விட்டார்: 2022 மே முதல் 2023 மே வரை வாக்னர் ஆட்களின் சம்பளத்துக்கும் ஊக்கத்தொகைக்கும் அரசு கொடுத்தது 8,600 கோடி ரூபிளுக்கு மேல். சம்பந்தமில்லாதவர்களுக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா? உக்ரைனின் பாக்முத்தில் சாகச் சிறைக் கைதிகளை ஆறு மாத ஒப்பந்தத்தில் கொண்டுவந்ததும், மாலியின் மூரா கிராமத்தில் 2022 மார்ச்சில் மாலி ராணுவமும் 'வெளிநாட்டுப் படையினரும்' சேர்ந்து 500 பேருக்குக் குறையாமல் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் எழுதியதும் அந்தச் 'சம்பந்தமில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் நடந்தவை. வெள்ளைக்காரத் துருப்புகள் என்று கிராமத்தார் சொன்னார்கள். எந்த அரசும் எங்கள் ஆட்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் எண்பதுகளில் வெள்ளைக்காரர் அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்ததை என் தகப்பனார் சொல்லுவார். அதைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதில்லை?
ஒரு வாசகர், மட்டக்களப்பு

எழுதாமல் எப்படி? நீங்கள் கேட்பது கே.எம்.எஸ்., 'கீனி மீனி சர்வீசஸ்'. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புக் கமாண்டோப் படையிலிருந்து வந்தவர்கள் லண்டனில் நடத்திய கம்பெனி. ஜெயவர்தன அரசு 1984-இல் அவர்களை அழைத்தது. விசேட அதிரடிப்படையை உருவாக்கிப் பயிற்றுவித்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. பிறகு அவர்களுடைய விமானிகள் இலங்கை விமானப்படை ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார்கள்.

லண்டனுக்கு இது தெரியாதா? பிறகு வெளியான பிரிட்டிஷ் அரசுக் கோப்புகளைப் பார்த்தால் நன்றாகத் தெரிந்திருக்கிறது. டெல்லி கோபித்துக்கொள்ளுமே என்ற கவலையும் அதில் இருக்கிறது. வெளியே சொன்னது, அது ஒரு தனியார் கம்பெனியின் வியாபாரம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது. நேரடியாகப் பயிற்சியாளர்களை அனுப்பியிருந்தால் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கம்பெனி போனதால் அந்தத் தொல்லை இல்லை. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்த படுகொலையை அதிரடிப்படையின் மேல் சுமத்தினார்கள். அப்போதும் லண்டன் கையைக் கழுவிக்கொண்டது. 2020-இல்தான் லண்டன் போலீஸ் இந்த ஆட்கள் மேல் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது. கிட்டத்தட்ட 35 வருடம் கழித்து. உங்கள் தகப்பனார் பார்த்ததை, கேட்டதை எழுதி வையுங்கள். தேதி, ஊர், யார் சொன்னது எல்லாம் சேர்த்து.

இதெல்லாம் மேல்நாட்டு வியாதி. நம் பக்கம் எப்போது இருந்தது?
ஆர்., கும்பகோணம்

சென்னை கோட்டையைக் கட்டியதே ஒரு கம்பெனிதானே! அதன் படையில் நம் தாத்தாக்கள் சம்பளத்துக்குச் சுட்டார்கள். 1799-இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் டி மியூரான் என்ற சுவிஸ் பிரபுவின் சொந்த ரெஜிமென்ட் நின்றது. நாலு வருடம் முன்புவரை அதே ரெஜிமென்ட் இலங்கையில் டச்சுக் கம்பெனிக்காக நின்றது. முதலாளி பேரம் பேசிக் கட்சி மாறினார், சிப்பாய்களும் மாறினார்கள்.

என் கணவர் ராணுவத்தில் 17 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஈராக்கில் ஒரு முகாமில் காவலர் வேலை, மாதம் ஒன்றேகால் லட்சம் என்று ஏஜென்ட் சொல்கிறார். இரண்டு லட்சம் கட்ட வேண்டுமாம். வீட்டுக் கடன் இருக்கிறது. அனுப்பலாமா?
பெயர் வேண்டாம் என்ற வாசகி, பரமக்குடி

சகோதரி, இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் சீக்கிரம் முடித்தேன். அனுப்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, கடனை நான் கட்டப் போவதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

2004-இல் நேபாளத்திலிருந்து 12 பேர் ஜோர்டானில் ஓட்டல் வேலை என்று கிளம்பினார்கள். ஜோர்டானில் வைத்து ஈராக்கில் ஓர் அமெரிக்கத் தளத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். வழியில் தீவிரவாதிகள் பிடித்து அத்தனை பேரையும் கொன்றார்கள். 2016 ஜூனில் காபூலில், கனடா தூதரகத்துக்குக் காவல் வேலைக்குப் போன நேபாளிகளின் மினி பஸ்ஸில் குண்டு வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். இரண்டு இந்தியர்களும் அதில் உண்டு. தூதர் போகும் வண்டிக்குக் கவசம் இருக்கும், காவலர் போன பஸ்ஸுக்கு இல்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் செத்த ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 8,000 என்று அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்களின் சாவைவிட அது அதிகம். பலருடைய சாவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இப்போது காரியத்துக்கு வருவோம். ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரியும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம் என்றதுமே எனக்குச் சந்தேகம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, முகாம் யாருடையது, அமெரிக்க அரசு ஒப்பந்தமா என்று எழுத்தில் வாங்குங்கள். அப்படியானால் 1941-இலிருந்து ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கிறது, டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று பெயர். ஒப்பந்தக்காரரும் அவருக்குக் கீழே உள்ள துணை ஒப்பந்தக்காரரும் தொழிலாளிக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அடிபட்டால் சிகிச்சை, இறந்தால் மனைவி மக்களுக்குப் பணம். பொதுவாக ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். அந்த 12 நேபாளிகளின் குடும்பங்களில் பலருக்கு இந்தச் சட்டத்தின்படிதான் 2008-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை நீதிபதி இழப்பீடு கொடுக்கச் சொன்னார். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே நம் ஊர்க் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை, கம்பெனிகளும் சொல்வதில்லை.

வேலை ஒப்பந்தத்தில் எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போடுவது எந்தக் கம்பெனி, எந்த நாட்டில் பதிவானது, காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் என்ன, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், நடுவில் விலகினால் டிக்கெட் யார் செலவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும், அவர் பெட்டியில் மட்டும் இருந்தால் பயனில்லை. பணம் கட்டும் முன் அந்தக் காகிதத்தைப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு, தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் காட்டி, இந்தப் பக்கத்தில் போடாமல் உங்களுக்கே தனியாக எழுதுகிறேன்.